சீசன் முடிந்த வாரத்துப் படங்கள்: மலையில் தியேட்டருக்குப் போன அனுபவங்களைச் சொல்லுங்கள்

குன்னூர்வாசி:

மே மாதத்தின் கடைசி ஞாயிறு. சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி முடிந்து, பழங்களை அடுக்கிச் செய்த உருவங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெட்போர்டு பக்கம் ஒரு மாதமாக நகராமல் நின்ற வண்டிகளைக் காணோம். டீக்கடை அண்ணன் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தபடி, “இனி நம்ம ஊரு நமக்கு” என்றார். மதியம் இரண்டரை மணிக் காட்சிக்கு நேரம் இருந்தது. சரி என்று தியேட்டர் பக்கம் நடந்தேன்.

தியேட்டர் பெயரைச் சொல்லவில்லை. ஒரே திரை, தகரக் கூரை, பெரிய நிறுவனம் எதற்கும் சொந்தமில்லாத இடம். டிக்கெட் கவுன்டரில் குல்லா போட்டிருந்த பெரியவர், “பத்துப் பேர் சேர்ந்தாப் படம் போட்டுருவோம். நீங்க ஒம்பதாவது” என்றார். வெளியிலேயே நின்றேன். பத்தாவதாக ஒரு அம்மா, கையில் வர்க்கிப் பொட்டலம், தோளில் ஸ்வெட்டருக்குள் சுருண்டு தூங்கும் பேரன். அவர் வந்ததும் மணி அடித்தார்கள்.

படம் கீழே சமவெளியில் ஒரு வாரம்கூட ஓடாத சின்னப் படம். தண்ணீர் இல்லாத ஒரு கிராமத்துக் கதை. வெயில் கொதிக்கும் பொட்டல் காடு திரை முழுக்க. நாங்கள் பத்துப் பேரும் சால்வைக்குள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் யாரோ பக்கக் கதவைத் திறந்துகொண்டு போனார்கள், கதவு சரியாக மூடவில்லை. மூடுபனி உள்ளே வந்தது. முதலில் தரையோடு தவழ்ந்து வந்து, அப்புறம் மெல்ல மேலே ஏறி, புரொஜெக்டர் ஒளிக்குள் நுழைந்தது. அதுவரை கண்ணுக்கே தெரியாமல் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்த ஒளி, ஒரு பெரிய கூம்பாகத் தெரிய ஆரம்பித்தது. அதற்குள் நிறங்கள் ஓடின. திரையில் அந்தப் பெண் வறண்ட கிணற்றை எட்டிப் பார்க்கிறாள், எங்கள் தலைக்கு மேலே அந்த மண்ணின் செம்மை புகையாகச் சுழல்கிறது. எழுந்து போய்க் கதவைச் சாத்த யாருக்கும் மனம் வரவில்லை. அந்தக் குழந்தை விழித்துக்கொண்டு, கையை நீட்டி ஒளியைப் பிடிக்கப் பார்த்தது.

நாற்பது வருடமாக இந்த மலையில் படம் பார்க்கிறேன். மே கடைசி வாரமும் ஜூன் முதல் வாரமும்தான் இங்கே சினிமாவுக்கு நல்ல காலம் என்பது என் கட்சி. சித்திரை பிறந்ததிலிருந்து தியேட்டர்கள் சுற்றுலா வந்தவர்களை நம்பி ஓடும். தாவரவியல் பூங்காவில் மழை பிடித்தால் அத்தனை கூட்டமும் தியேட்டருக்குள் ஒதுங்கும். பெரிய நடிகர் படம் மட்டும்தான் போடுவார்கள், அதில் தப்பில்லை, அந்த ஆறு வாரத்து வசூலில்தான் மழைக்காலத்தை ஓட்டியாக வேண்டும். கூட்டம் இறங்கிப் போனதும் பெரிய படம் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடும். அப்போதுதான் சின்னப் படம், பழைய படம், பிள்ளைகள் படம் எல்லாம் வெளியே வரும். பார்க்க வருகிறவர்களும் அவசரமில்லாதவர்கள். ஒரு காட்சி மூன்று நிமிடம் பேச்சில்லாமல் நின்றால், அவர்களும் கூடவே நிற்பார்கள்.

ஊட்டிக்காரர்களுக்கு அசெம்பிளி ரூம்ஸ் தியேட்டர் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் நடனமும் நாடகமும் நடந்த கூடம். கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவி முயற்சியால் அறக்கட்டளைக்குப் போனது, இன்றும் தனி முதலாளி கிடையாது. நான் முதன்முதலில் இங்கிலீஷ் படம் பார்த்தது அங்கேதான். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் வீட்டுக்கு வந்து தம்பிக்கு முழுக் கதையையும் சொன்னேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். படக்கதை வேண்டாம். படம் பார்க்கப் போன இடத்தில் எதைக் கண்டீர்கள், யாரைக் கண்டீர்கள், அதை எழுதுங்கள்.

இந்து நகர்ப் பெண்:

அண்ணா, அந்த ஒளிக் கூம்பைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1960இல் நிறுவனம் தொடங்கி, 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. எக்ஸ்ரே ஃபிலிம், கறுப்பு வெள்ளை ஃபிலிம், போட்டோ பேப்பர் எல்லாம் இங்கிருந்துதான் நாடு முழுக்கப் போனது. பெட்டி மேல் ‘இந்து’ என்று இருக்கும். இந்து என்றால் நிலா. வெள்ளி உப்பைப் பூசிச் செய்கிற பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது என்பார் அப்பா.

ஃபிலிமில் மருந்து பூசும் இடத்தில் வெளிச்சமே கூடாது. ஷிப்ட் முழுக்க இருட்டில்தான். எங்கே சுவர், எங்கே உருளை, யார் எதிரே வருகிறார்கள் என்பதெல்லாம் காலாலும் காதாலும் தெரிந்துவிடுமாம். எதிரே ஆள் வந்தால் தொண்டையைக் கனைப்பார்கள். அந்தப் பழக்கம் வீட்டிலும் இருந்தது. கரன்ட் போனால் நாங்கள் மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டிருப்போம், அப்பா சமையலறைக்குப் போய் டீயே போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார், வாசலில் ஒரு கனைப்போடு.

வருடத்தில் ஒரு தடவைதான் படத்துக்குக் கூட்டிப் போவார், அதுவும் கோடை லீவு முடியப் போகிற வாரத்தில். பஸ் தாமதமாகி எப்போதும் படம் ஆரம்பித்தபிறகுதான் போய்ச் சேருவோம். டார்ச் காட்டுகிறவர் வருவதற்குள் அப்பா நடக்க ஆரம்பித்துவிடுவார். அம்மா கையை அவர் பிடித்திருப்பார், என் கையை அம்மா, தம்பி கையை நான். ரயில் மாதிரி போவோம். ஒருத்தர் காலையும் மிதிக்காமல், ஒரு இடத்திலும் தடுமாறாமல், காலியாக இருக்கும் நாலு சீட்டுக்கு நேராகக் கொண்டு போய் நிறுத்துவார். எங்களுக்குத் திரை மட்டும்தான் தெரியும், அவருக்கு மொத்தத் தியேட்டரும் தெரியும்.

படம் ஓடும்போது சில சமயம் குனிந்து என் காதில், “இந்த ராத்திரி சீன்ல கறுப்பு எப்படி விழுந்திருக்கு பாரு” என்பார். கறுப்பில் என்ன பார்க்கிறது என்று அப்போது தெரியாது. இப்போது எந்தப் படம் பார்த்தாலும் முதலில் கறுப்பைத்தான் பார்க்கிறேன்.

தொழிற்சாலை மூடிப் பல வருடம் ஆயிற்று, அப்பாவும் இல்லை. போன வருடம் மகனைக் கூட்டிக்கொண்டு தாமதமாகப் போனேன். செல்போன் லைட்டைப் போட்டான். “அணைடா” என்று சொல்லிவிட்டு அவன் கையைப் பிடித்து நடந்தேன். இரண்டு பேர் காலை மிதித்துவிட்டோம். ஆனாலும் சீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கேத்தி ஸ்டேஷன் பக்கம்:

அக்கா, படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எழுதவே முடியல.

எங்க ஊர் ஸ்டேஷனில்தான் மூன்றாம் பிறை படத்தின் கடைசிக் காட்சியை எடுத்தார்கள். 1982இல் வந்த படம். மழை, சேறு, ஓடுகிற ரயில், பின்னாலேயே ஓடுகிற ஆள், தமிழ்நாடே அழுதது. எங்கள் ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில், அதைப் பார்க்க ஒரு லோடு லாரியில் போனார்களாம். என் பாட்டி, எங்கள் பேச்சில் ஹெத்தை, அதுவரை படமே பார்த்ததில்லை. வெள்ளை முண்டும் தலையில் கட்டிய பட்டுமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாரும் அழும்போது ஹெத்தை மட்டும் திரையைக் காட்டி, “அது நம்ம ஸ்டேஷன் பெஞ்சு, அதுலதான் நான் கிழங்கு மூட்டையை வைப்பேன்” என்று பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

அதற்குப் பிறகு அவர் கடைசிவரை அந்த பெஞ்சில் மூட்டை வைக்கவில்லை. கீழேதான் வைப்பார். கேட்டால், “அது படத்துல வந்த பெஞ்சு” என்பார்.

பழைய ஆபரேட்டர்:

வணக்கம். பேத்தி இதைப் படித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் டைப் செய்கிறாள். மூன்று தியேட்டர்களில் முப்பத்தோரு வருடம் மெஷின் ஓட்டியவன் நான். மூன்றுமே மலையில்தான்.

கீழே இருக்கிற ஆபரேட்டருக்கு வெக்கையோடு சண்டை, எங்களுக்குக் குளிரோடு. காலையில் ரூமைத் திறந்தால் லென்ஸில் பனி படர்ந்திருக்கும். துணியால் துடைத்தால் கோடு விழும். கார்பன் பற்றவைத்து மெஷினின் விளக்குக் கூண்டைச் சூடாக்கி, அது தானாக வற்றும்வரை காத்திருக்க வேண்டும். முதல் காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே நான் போவது அதற்குத்தான். பெட்டியில் ஃபிலிமும் விறைத்துக் கிடக்கும். உடனே மெஷினில் ஏற்ற மாட்டேன், விளக்குக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் ரெக்டிபையர் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்துக் குளிர் விட்டபிறகுதான் சுருளைப் பிரிப்பேன்.

கார்பன் என்றால் இப்போது உள்ளவர்களுக்குத் தெரியாது. செம்பு பூசிய இரண்டு குச்சிகள், நடுவே சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் எரிகிற மின்பொறிதான் படத்துக்கு வெளிச்சம். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து நெருக்கிக் கொடுக்க வேண்டும். அசந்தால் திரை மஞ்சளாகும். பெரிய சுருள் ஒன்று 2000 அடி, ஏறக்குறைய 22 நிமிடம் ஓடும். முடிகிற நேரம் திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னும். முதல் பொட்டுக்கு அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும், இரண்டாவது பொட்டுக்கு மாற்ற வேண்டும். நடுவே ஏழே விநாடி. நான் அந்தப் பொட்டைத் தவறவிட்டது வாழ்நாளில் இரண்டு தடவை. இரண்டும் தேதியோடு ஞாபகம் இருக்கிறது.

ஒரு மே மாதக் கடைசி. கோயம்புத்தூரிலிருந்து பெட்டி மதியப் பஸ்ஸில் வர வேண்டும். பர்லியாறுக்கு மேலே மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டது. முன்னதாக வந்த வேனில் முதல் பாதிச் சுருள்கள் மட்டும் வந்து சேர்ந்தன. தியேட்டரில் எண்பது பேர், ஏறக்குறைய எல்லாரும் எஸ்டேட் ஆட்கள், வாரக்கூலி வாங்கிய கையோடு வந்தவர்கள். முதலாளி காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். நான் கீழே இறங்கி வந்து நடந்ததைச் சொன்னேன். “பாதி இருக்கு. மீதி வந்தா வரும், வராமலும் போகும்.” ஒரு பெரியம்மா எழுந்து, “இருக்கிறதப் போடு தம்பி, நாங்க எங்க போகப் போறோம்” என்றார்.

போட்டேன். இடைவேளை விட்டது. மீதி வரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரும் போகவில்லை. அந்தப் பெரியம்மா முன்னால் வந்து நின்று, இனி கதை எப்படிப் போகும் என்று சொல்ல ஆரம்பித்தார். பின்வரிசையிலிருந்து ஒருத்தர் மறுத்தார், அண்ணன் சாக மாட்டான் என்றார். அப்புறம் ஆளாளுக்கு. நான் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரவு ஒன்பதே முக்காலுக்கு ஒரு பையன் பைக்கில் நனைந்துகொண்டே மீதிச் சுருள்களைக் கொண்டுவந்தான். கைத்தட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. மீதியைப் போட்டேன். அண்ணன் செத்துப்போனான். அந்தப் பெரியம்மா சொன்ன முடிவு படத்தில் வந்ததைவிட நன்றாக இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கோத்தகிரி தேயிலைக்காடு:

ஐயா, அந்த எண்பது பேரில் எங்கள் அம்மாவும் இருந்திருக்கலாம். எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்துதான் படத்துக்குப் போவார்கள், தனியாக ஒருத்தரும் போக மாட்டார்கள்.

காரணம் கரடி. கோத்தகிரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரவுக் காட்சி விட்டு வரும்போது கடைசிப் பஸ் போயிருக்கும், மூன்று மைல் தேயிலைக்குள் நடக்க வேண்டும். கரடி மனுஷனைத் தேடி வராது. ஆனால் திடீரென்று எதிரில் போய் நின்றுவிட்டால் பயத்தில் அடித்துவிடும். நாம் வருவது முன்கூட்டியே அதன் காதில் விழ வேண்டும். அதனால் பார்த்த படத்தின் பாட்டைப் பாடிக்கொண்டே நடப்பார்கள். எந்தப் படத்தில் கூட்டமாகப் பாடும் பாட்டு இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் இரவுக் காட்சிக்கே கிளம்புவார்கள். பாட்டில்லாத படம் என்றால் பகல் காட்சி மட்டும்.

எனக்கு ஒன்பது வயது. அம்மா, சித்தி, பக்கத்து லைன் அக்காமார், எல்லாமாகப் பதினோரு பேர். வளைவில் திரும்பும்போது நாவல் மரத்தடியில் கறுப்பாக ஒன்று. கூட ஒரு குட்டியும். பாட்டு நின்றுபோனது. சித்திதான் முதலில் சமாளித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே இரண்டாவது சரணத்தை எடுத்தார். குரல் நடுங்கியது. ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தரும் ஓடவில்லை. கரடி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது, குட்டியை முன்னால் விட்டு, தேயிலைக்குள் மெதுவாக இறங்கிப் போனது. செடிகள் அசைவது நின்றபிறகும் பாடிக்கொண்டே இருந்தோம், வீடு வரைக்கும், அதே பாட்டை, திரும்பத் திரும்ப.

அந்தப் பாட்டு இப்போது டிவியில் வந்தால் என் கை தானாக அம்மா கையைத் தேடும்.

கொடை டாக்ஸி:

பழனி மலைப் பக்கம், கொடைக்கானலிலிருந்தும் ஒன்று.

1991இல் வந்த குணா படத்தை எடுத்த குகைக்கு அதற்கு முன்னாலும் ஒரு பேர் உண்டு, டெவில்ஸ் கிச்சன். ஆனால் அந்தக் குகைக் குழியில் விழுந்த நண்பனை மீட்கிற கதையான மஞ்சும்மல் பாய்ஸ் படம் 2024 பிப்ரவரியில் வந்தபிறகு, அந்தக் கோடையில் என் வண்டியில் ஏறியவர்கள் ஏரியைக்கூடக் கேட்கவில்லை, “குகைக்குப் போங்க” என்றுதான் சொன்னார்கள். அத்தனை பேரைக் கொண்டு போய் இறக்கியும் நான் படத்தைப் பார்க்கவில்லை. மே முடிந்து கூட்டம் குறைந்தபிறகு ஒரு நாள்தான் பார்க்க முடிந்தது.

குகையின் உள்பக்கத்தைச் செட் போட்டு எடுத்தார்கள் என்று தெரியும். அது உறுத்தவில்லை. வெளியே அந்த மரவேர்களும், சட்டென்று வந்து மூடும் மஞ்சும் வந்தபோதுதான் உடம்பு சில்லிட்டது. கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று, “அவ்வளவுதான் சார், இதுக்கு மேல போக முடியாது” என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். படம் முடிந்து மறுநாள் காலை சவாரி இல்லாமல் அங்கே போனேன். வேலியில் கைவைத்து நின்றேன். கீழேயிருந்து குளிர்காற்று வந்தது. இத்தனை வருடத்தில் அதைக் கவனித்ததே இல்லை.

அதற்குப் பிறகு அங்கே யாராவது சத்தம் போட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டு விளையாடினால், வேண்டாம் தம்பி என்று சொல்கிறேன். கேட்டுக்கொள்கிறார்கள்.

குன்னூர்வாசி:

ஐயா, அந்தப் பெரியம்மா சொன்ன முடிவு என்ன என்று எழுதவே இல்லையே. பேத்தியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

இந்து நகர்ப் பெண்ணுக்கு: வரும் ஞாயிறும் அதே தியேட்டரில் மதியக் காட்சி உண்டு என்று குல்லாக்காரர் சொன்னார். பத்துப் பேர் வேண்டும். மகனையும் கூட்டி வாருங்கள். பக்கக் கதவை ஒருக்களித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கூடலூர் மழை:

தேவாலாவில் நேற்று ராத்திரியிலிருந்து விடாமல் கொட்டுகிறது. காற்றும் தென்மேற்காகத் திரும்பிவிட்டது. ஞாயிறுவரை காத்திருக்காதீர்கள் அண்ணா, நாளைக்கே ஆள் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். தகரக் கூரை என்று வேறு சொல்கிறீர்கள், மழை பிடித்தால் வசனம் ஒன்றும் கேட்காது.